வடக்கே தலைவைத்த பெட்டி

கீழ்வேளூர் கடைத்தெருவில் இருக்கும் என் கடைப் பலகையில் ஏசி, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் என்று மூன்றுதான் எழுதியிருக்கும். நான் செய்யும் நான்காவது வேலையைப் பலகையில் எழுத முடியாது. சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி அனுப்புவேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். அவர் விமானம் பிடித்து, திருச்சியில் இறங்கி, கார் பிடித்து வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு என் பெட்டிக்குள்தான் நடக்கும்.

இரண்டு பெட்டிகள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே நிறம், ஒரே கண்ணாடி மூடி, ஒரே உறுமல். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவளுக்குக்கூட மச்சம் கிச்சம் என்று ஓர் அடையாளம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

என் ஞாபக சக்தியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் பெயர் எனக்கு நிற்காது. வீட்டையும் நோயையும் சேர்த்துத்தான் நிற்கும். எந்த வீட்டு ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது, எந்த வீட்டு நாய் என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது என்பதையெல்லாம் கடையில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் தாள்களில் எழுதி வைப்பேன். ஒரு வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைத் தாளிலேயே எழுதிவிடுவேன். நல்ல ஏற்பாடு என்று எனக்குள் ஒரு பெருமை. ஆனால் என் மனைவி காலையில் கடை கூட்ட வரும்போது அன்றைய ராசிபலன் பார்ப்பதற்காக நேற்றைய தாளோடு இன்றைய தாளையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த வெள்ளிக்கிழமையின் வாட்டர் ஹீட்டர்கள் எல்லாம் எங்கள் அடுப்படியில் அப்பளத்து எண்ணெய் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இந்த நிலைமையைப் பார்த்துச் சகிக்காமல்தான் என் மச்சினன் என் செல்போனில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அவன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன். மாமன் என்ற மரியாதையில் பாதியை முகத்திலும் மீதியைக் கிண்டலிலும் வைத்திருப்பவன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பக்கம், செய்ய வேண்டியதற்கு எதிரே ஒரு சிறு கட்டம், செய்து முடித்தால் தொட வேண்டும், பச்சை டிக் விழும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான்.

எனக்கு அந்தப் பச்சை டிக் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. டீக்கடையில் போனை நீட்டி யார் வீட்டு ஏசிக்கு எப்போது கேஸ் போட்டது என்று காட்டுவேன். செய்யாத வேலைக்கும் கை அரிக்கும். சாப்பிட்டேன் என்று ஒரு பக்கம் திறந்து டிக் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

பெட்டிகளுக்கு வந்தபோதுதான் மச்சினனுக்கும் எனக்கும் வாக்குவாதம். பெட்டிக்கு நம்பர் ஒட்டச் சொன்னான். அதெல்லாம் முன்பே பட்டாகிவிட்டது என்றேன். வாங்கின புதிதில் ஒன்று, இரண்டு என்று பெயின்ட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன். ஒரு துக்க வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தர் அழுகையை நிறுத்திவிட்டு, "ரெண்டுன்னு போட்டுருக்கே, அப்ப ஒண்ணு யாரு?" என்று கேட்டார். அந்தத் தெருவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அன்று மாலையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டேன். ரிப்பேர் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டால் இன்னும் மோசம். மறந்துபோய் அப்படியே அனுப்பி வைக்கக்கூடியவன் நான்.

அதனால் எனக்கென்று ஒரு முறை இருந்தது. இயந்திரம் இருக்கும் பக்கம் கால்மாடு, மறுபக்கம் தலைமாடு. இறந்தவரைத் தெற்கே தலைவைத்துக் கிடத்துவோம். உயிரோடு இருப்பவர் வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆக வடக்கே தலை என்பது செத்தவனுக்கும் ஆகாது, இருப்பவனுக்கும் ஆகாது. பெட்டிகளை நிறுத்தும் ஷெட்டில் நல்ல பெட்டியைத் தெற்கே தலை வைத்துப் போடுவேன். கோளாறான பெட்டியை வடக்கே தலை வைத்துத் திருப்பிவிடுவேன். பார்த்தவுடன் தெரியும். இதைக் கண்டுபிடித்த என் மூளையை நானே பலமுறை மெச்சியிருக்கிறேன்.

ஆப்பிலும் அப்படியே ஏற்றினேன். 'வடக்கே தலை: கம்ப்ரசர் சூடானால் நின்றுவிடுகிறது, ஃபேன் மட்டும் ஓடுகிறது, அனுப்பக் கூடாது.' அடுத்த பக்கம், 'தெற்கே தலை: ரெடி.' பச்சை டிக்.

மச்சினன் அதைப் படித்துவிட்டு, "மாமா, பெட்டி கால் மொளச்சு நடந்து போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

பெட்டி நடக்குமா மாப்ள என்று சிரித்தேன். சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன் ஏசி படுத்துவிட்டது என்று விடியும்போதே பைக்கில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் போன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் பேசினார். அக்கா தவறிவிட்டார், சிங்கப்பூரிலிருந்து மகள் மத்தியான விமானத்தில் கிளம்புகிறாள், சாயங்காலம் வந்ததும் எடுக்கிறோம், பெட்டி வேண்டும் என்றார். ஊரையும் தெருவையும் சொன்னார்.

பைக்கை ஓரம் கட்டி ஆப்பில் அந்த ஊரைத் தேடினேன். ஒரு பக்கம் வந்து நின்றது. நான் எழுதியதுதான்.

'வாய்க்கால் தாண்டி மூணாவது வீடு. ஃப்ரிட்ஜ். அம்மா பேச்சு ஜாஸ்தி, போனா ஒரு மணி நேரம். மோர் நல்லா இருக்கும். கதவு ரப்பர் கேஸ்கெட் போச்சு. மாத்தணும்னா மக வரட்டும்கிறாங்க.' அதற்குக் கீழே டிக் விழாத ஒரு கட்டம். 'மகள் வந்ததும் கேஸ்கெட் பற்றிப் பேசவும்.'

போன மாதம் அந்த அம்மா மோர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவை ஒரு நாற்காலியால் முட்டுக் கொடுத்து மூடிக் காட்டினார். இதுவே போதும் தம்பி, அவ வந்தா புதுசே வாங்கித் தரேன்னுருக்கா என்றார். ரோட்டோரத்தில் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பஸ்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் ஷெட்டின் ஞாபகம் வந்தது.

டெம்போக்காரருக்குப் போன் போட்டேன். என் வயசுதான் அவருக்கும், பேச்சு குறைவு. ஷெட்டுச் சாவி வீட்டில் இருக்கிறது, தெற்கே தலை வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். ஏழு மணிக்கெல்லாம் மாட்டியாயிற்று, நன்றாகக் குளிர்கிறது என்று தகவல் வந்தது. பெட்டி அனுப்பியதற்கென்று ஒரு கட்டம் போட்டுத் தொட்டேன். பச்சை டிக்.

பதினோரு மணிக்கு, முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்து, மண்டபத்துக்காரர் வற்புறுத்திய பாயசத்தை நான் குடித்துக்கொண்டிருக்கும்போது, காலையில் பேசியவர், அந்த அம்மாவின் தம்பி, கூப்பிட்டார். பெட்டிக்குள் குளிர் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பாயசத்தை வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். நான் ஆப்பைத் திறந்து பார்த்தேன். கரண்ட் குறைவாக இருக்கும், மூடியை அடிக்கடி திறக்காதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் யாரும் திறக்கவில்லை என்றார். நான் விடவில்லை.

"நோட்ஸ்ல ரெடின்னுதாங்க இருக்கு."

அவருக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"எங்க அக்காவ நோட்ஸ்ல வைக்கலங்க தம்பி. பெட்டியிலதான் வச்சுருக்கோம்."

பாயச டம்ளர் கையில் அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் வருகிறது என்றால் ஃபேன் மட்டும் ஓடுகிறது. ஃபேன் மட்டும் ஓடுகிற பெட்டி எது என்று நானேதான் எழுதி வைத்திருக்கிறேன். அது வடக்கே தலை வைத்துக் கிடக்கிறது. அதை யாரும் எடுத்திருக்க முடியாது. டெம்போக்காரர் பத்து வருஷமாக என் பெட்டிகளை ஏற்றுபவர், அவருக்குத் திசை தெரியும். அப்படியானால் அந்த வீட்டில் ஓடாமல் நிற்பது எந்தப் பெட்டி?

மனைவிக்குப் போன் போட்டேன். ஷெட்டில் ஏதாவது செய்தாயா என்றேன். முந்தாநாள் கூட்டினேன் என்றாள். பெட்டியைத் தொட்டாயா என்றேன்.

"ஒண்ணு வடக்க தலைய வச்சுக் கெடந்துச்சு. பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? அதுக்குத் தெரியலன்னா நமக்காவது தெரிய வேணாமா. தள்ளித் தெக்க திருப்பி வச்சுட்டேன்."

சக்கரம் இருக்கிறதல்லவா, சுலபமாகத் திரும்பியது என்றும் சொன்னாள். அந்தச் சக்கரங்களை நானேதான் மாட்டினேன்.

மண்டபத்து வாசலில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.  இரண்டு பெட்டியும் தெற்கே தலை. டெம்போக்காரர் வாசலுக்குக் கிட்டே இருந்ததை எடுத்துப் போயிருக்கிறார். ஆப் பொய் சொல்லவில்லை. முந்தாநாள் காலைவரைக்கும் அது எழுதி வைத்திருந்ததெல்லாம் சத்தியம். அந்த அம்மா இறந்து ஆறு மணி நேரம். மகள் வர இன்னும் ஏழு மணி நேரம். வெளியே கத்திரி. இதற்கு மேல் கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து கீழ்வேளூர்வரை எப்படி ஓட்டினேன் என்பது பைக்குக்குத்தான் தெரியும். போகும்போதே டெம்போக்காரரை வரச் சொல்லிவிட்டேன். ஷெட்டில் மிச்சமிருந்த பெட்டியை பிளக்கில் மாட்டி, மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டுக்கொண்டு நின்றேன். எழுத்தை நம்பும் புத்தி எனக்கு அன்றோடு போய்விட்டது. விரல் நுனி மரத்துப்போகும்வரை கையை எடுக்கவில்லை. மனைவி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. அவளும் பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்தது அன்றுதான்.

கிராமத்து ரோட்டில் திரும்பினால், தார் ரோடு முழுக்க நெல். கோடை அறுவடை நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ஓரத்தில் பைக் போக வழி இருந்தது, டெம்போ போக வழி இல்லை. நான் இறங்கி ஓடி, காலால் நெல்லைத் துழாவிக் கிளறிக்கொண்டிருந்த பெண்களிடம் வழி கேட்டேன். ஈர நெல்லை ஏற்றி நசுக்கவா என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அடுத்தவள் டெம்போவை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி மூடி வெயிலில் பளபளத்தது. காலையில்தான் ஒரு பெட்டி போனதே, இன்னொன்று ஏன் வருகிறது என்று அவள் கேட்கவில்லை. கிராமத்தில் எல்லோருக்கும் எல்லாம் அதற்குள் தெரிந்திருக்கும். நான்கு பேர் நெல்லைக் கட்டையால் தள்ளி, ஒரு டெம்போ அகலத்துக்கு ரோட்டைத் திறந்துவிட்டார்கள். சண்டைக்கு வந்தவள்தான் முதலில் தள்ளினாள்.

பந்தலுக்குள் நான் நுழைந்ததும் அழுகை அடங்கியது. அதைவிடப் பெரிய தண்டனையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. இறந்த அம்மாவின் தம்பி எழுந்து வந்தார். அவர் என்னை அடித்திருந்தால் நான் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூக்க ஆள் கூப்பிட்டார்.

பெட்டிக்குப் பெட்டி நேராக மாற்ற முடியாது. பழையதை வெளியே எடுத்தால்தான் புதியதை உள்ளே நுழைக்க இடம் இருந்தது. அதனால் அந்த அம்மாவைக் கூடத்தில் பெஞ்சு போட்டு அதன்மேல் கிடத்தினார்கள். நான் பார்க்கப் பயந்தேன். பார்க்காமல் இருக்கவும் பயந்தேன். பார்த்தேன். முகம் மாறவில்லை. மோர் டம்ளரோடு அடுப்படியிலிருந்து வருகிற முகம்தான், பேச்சை மட்டும் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் கிடைத்த இரண்டு மூன்று மணி நேரக் குளிர் காப்பாற்றியிருந்தது. 

நான் வயரை இழுத்து, பெட்டியைச் சமமாக நிறுத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்த அம்மாவின் கணவர் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தார். ரிடையரான மனிதர், நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேப்பருக்குப் பின்னால் இருப்பார், அவர் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து அம்மாதான் பேசுவார். பெஞ்சுப் பக்கத்தில் நின்று மனைவியின் நெற்றியில் கை வைத்தார். கலைந்திருந்த முடியை ஒதுக்கினார். பெட்டி ரெடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகக் கையை எடுத்த பிறகுதான் தூக்கினோம்.

அதற்கப்புறம் நான் அங்கிருந்து நகரவில்லை. பெட்டியின் கால்மாட்டில் கம்ப்ரசர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என்னை நெருங்கிய சொந்தம் என்று நினைத்து என் கையையும் தொட்டுவிட்டுப் போனார்கள். மறுக்கத் தோன்றவில்லை. நடுவில் போன் ஒருமுறை துடித்தது. ஆப்பிலிருந்துதான். மண்டபத்து ஏசி வேலை முடிந்ததா என்று கேட்டது. அதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டதை யாரோ பார்த்துவிட்டு எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆறு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் ஓடி வந்து கண்ணாடி மேல் விழுந்தாள். கண்ணாடியில் பனி படிந்து முகம் மங்கலாகத் தெரிந்தது. நான் என் தோள் துண்டால் துடைத்துவிட்டேன். அவ்வளவு நேரம் எந்தப் பனிக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அந்தப் பனியை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்து, நெல் தூசி ஒட்டிய டெம்போ சக்கரத்தின் பக்கத்தில் நின்று, யாரும் பார்க்காதபடி ஒரு பாட்டம் அழுதேன். அதையும் டெம்போக்காரர் பார்த்துவிட்டார். அவர் பேச்சு குறைவு என்பது எவ்வளவு பெரிய நன்மை என்று அன்று தெரிந்தது.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. மகள்தான் பேசினாள். ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேன் என்கிறது, அப்பாவைத் தனியாக விட்டுப் போவதற்கு முன் சரி செய்ய வேண்டும் என்றாள். கேஸ்கெட்டோடு போனேன். கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலி அதே இடத்தில் இருந்தது.

நான் ரப்பரைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் நின்று சொன்னாள்.

"பெட்டி வந்துட்டு, நல்லா குளிருதுன்னு காலையிலயே மாமா சொல்லிட்டாங்கண்ணா. அந்தத் தைரியத்துலதான் பிளேன் ஏறுனேன். வழி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன்."

ரப்பர் என் கையிலிருந்து நழுவிவிட்டது. அவளுக்கு யாருமே சொல்லவில்லை. அந்த வீட்டில் அத்தனை பேர், அந்தத் தெருவில் அத்தனை பேர், நெல் தள்ளிய பெண்கள் உட்பட, ஒருவர்கூட அவளிடம் வாயைத் திறக்கவில்லை. நான் குளிரவைக்காத ஒரு பெட்டியை நம்பி ஒரு பெண் கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

நான் சொல்லிவிட்டேன். ஷெட்டு, திசை, மனைவி, பாயசம், நோட்ஸில் ரெடி என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்தாள். ஏன்ப்பா சொல்லல என்று மெதுவாகக் கேட்டாள்.

பேப்பர் இறங்கியது.

"அதனாலதான் மத்தியானம் கொஞ்ச நேரம் அவ கண்ணாடி மூடி இல்லாம இருந்தாம்மா," என்றார். "தொட்டுக்கிட்டேன்."

பிறகு பேப்பர் ஏறிவிட்டது. மகள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் கேஸ்கெட்டை எடுத்துப் பொருத்தி முடித்தேன். நாற்காலியை நகர்த்திவிட்டுக் கதவைத் தள்ளினேன், தானாக மூடிக்கொண்டது. கிளம்பும்போது மகள் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முறைத்தாளா, மன்னித்தாளா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

வாய்க்கால் பாலத்தில் பைக்கை நிறுத்தி அந்த அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். 'மகள் வந்ததும் கேஸ்கெட் பற்றிப் பேசவும்.' விரலைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்திருந்தேன். டிக் போடவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது பெட்டிகளுக்கு நம்பர் உண்டு. இயந்திர மூடிக்கு உட்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒட்டியிருக்கிறேன். மச்சினன் வந்து ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். எழுதுவதெல்லாம் எழுதுகிறேன், ஆனால் பெட்டி கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு உள்ளே கையை விட்டுப் பார்த்த பிறகுதான் டெம்போவுக்குப் போன் செய்கிறேன். ஷெட்டில் இரண்டு பெட்டியுமே தெற்கே தலை. கோளாறானதை வேறு எப்படி வைப்பது என்று மனைவியிடமே கேட்டேன்.

"கெழக்க வையுங்க," என்றாள். "கெழக்க தலைன்னா நான் தொட மாட்டேன்."